இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி: வாரிசுக்கு வந்த ஆயுதத்தின் அடையாளமும் மதிப்பும்

இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி என்பது உட்புறம் வழவழப்பான இரண்டு குழல்களைப் பக்கவாட்டில் இணைத்துச் செய்யப்பட்ட துப்பாக்கி. ஒரு தோட்டாவிலிருந்து பல ஈயச் சிறுகுண்டுகள் ஒன்றாக வெளிப்பட்டுப் பரவும். ஆங்கிலத்தில் இவ்வகையை ஷாட்கன் என்பர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்தில் செய்யப்பட்ட இத்துப்பாக்கிகள் ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா என உலகின் பல பகுதிகளுக்குச் சென்றன. இன்று அவற்றில் பல மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை வாரிசுகளிடம் உள்ளன.

துப்பாக்கி வாரிசுக்கு வந்து சேரும்போது அதைப் பற்றிய செய்தி பெரும்பாலும் உடன் வருவதில்லை. யார் செய்தது, எந்த ஆண்டைச் சேர்ந்தது, எந்தத் தோட்டாவைத் தாங்கும் என்று அறிந்தவர் மறைந்திருப்பார். இதனால் அரிய துப்பாக்கிகள் பழைய இரும்பு விலைக்குப் போவதும், சாதாரணத் துப்பாக்கிகளைப் பெருஞ்செல்வம் என்று குடும்பங்கள் நம்பியிருப்பதும் நடக்கின்றன. ஒரு பழைய துப்பாக்கியின் மதிப்பை அதன் வயதும் செதுக்கு வேலைப்பாடும் மட்டும் முடிவு செய்வதில்லை. குழலில் அடிக்கப்பட்ட சோதனை முத்திரை, செய்தவரின் பேரேடு, வைத்திருப்பவரின் உரிமம் ஆகிய மூன்று பதிவுகளே முதன்மையாக முடிவு செய்கின்றன. இம்மூன்றும் உருவான வரலாறே இத்துப்பாக்கிகளை அறிவதற்கான வழி.

அமைப்பின் வளர்ச்சி

துப்பாக்கியின் காலத்தை அதன் அமைப்பைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் வேட்டைத் துப்பாக்கிகள் முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கப்படுபவையாக இருந்தன. பிரான்சைச் சேர்ந்த காசிமிர் லெஃபோஷே 1830-களில் பின்பக்கம் திறந்து தோட்டா இடும் முறையை உருவாக்கினார். அவரது தோட்டாவின் பக்கத்தில் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தி அந்த ஊசியை அடித்ததும் தோட்டா வெடிக்கும். 1851-இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் இத்துப்பாக்கி காட்சிக்கு வந்தபின் ஆங்கிலேயத் துப்பாக்கிக் கைவினைஞர்கள் பின்வாய் முறைக்கு மாறத் தொடங்கினர். 1860-களில் தோட்டாவின் அடிப்புற நடுவில் அடிக்கும் முறை பரவியது. இன்றைய தோட்டாவும் அம்முறையைச் சேர்ந்ததே.

அடுத்த பெரிய மாற்றம் வெளியே தெரியும் சுத்திகள் மறைந்தது. பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் ஆன்சன், ஜான் டீலி ஆகிய இருவரும் 1875-இல் சுத்திகளை உள்ளே அடக்கிய ஓர் எளிய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். துப்பாக்கியைத் திறக்கும்போது குழல்கள் கீழே சாய்கின்றன. அந்த அசைவே உள்ளிருக்கும் சுத்திகளை நாணேற்றிவிடும். இயங்கு பகுதிகள் ஒரு பெட்டி போன்ற உலோகக் கூட்டுக்குள் இருப்பதால் இதற்கு பாக்ஸ்லாக் என்று பெயர். பூட்டுகளை இருபுறமும் தனித் தகடுகளில் பொருத்தும் பழைய முறைக்கு சைட்லாக் என்று பெயர். ஃபிரெடெரிக் பீஸ்லி 1880-இல் காப்புரிமை பெற்ற சைட்லாக் அமைப்பை லண்டனின் பர்டி நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனம் இன்றும் அதே அடிப்படையில் துப்பாக்கி செய்கிறது.

ஆகவே வெளிச்சுத்திகள் உள்ள துப்பாக்கி பெரும்பாலும் 1890-க்கு முற்பட்டது என்றும், சுத்தி இல்லாதது 1875-க்குப் பிற்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் முதற்கணிப்பாகக் கொள்ளலாம். ஆனால் வெளிச்சுத்தித் துப்பாக்கிகள் 20-ஆம் நூற்றாண்டிலும் மலிவு விலையில் தொடர்ந்து செய்யப்பட்டன. எனவே வடிவம் மட்டும் போதிய சான்று ஆகாது.

சோதனை முத்திரைகள்

உறுதியான சான்று குழல்களின் அடியில் இருக்கிறது. முன்பக்க மரப்பிடியைக் கழற்றிக் குழல்களைப் பிரித்தால், தோட்டா அறைகளுக்குக் கீழே தட்டையான பகுதி தெரியும். சிறு முத்திரைகள் அங்கே வரிசையாக அடிக்கப்பட்டிருக்கும். இவற்றைப் பார்க்கும் முன் துப்பாக்கியைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்வது முதல் விதி. பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்த துப்பாக்கியிலும் தோட்டா இருக்கக்கூடும். கழற்றும் முறை தெரியாதவர் அதைத் துப்பாக்கி வல்லுநரிடம் விட்டுவிடுவது நல்லது.

இங்கிலாந்தில் துப்பாக்கிச் சோதனை மிகப் பழமையான நுகர்வோர் பாதுகாப்பு முறைகளுள் ஒன்று. லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் குழுமம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காமின் சோதனைக்கூடம் 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. வழக்கமான அளவைவிட மிக அதிகமான மருந்தை இட்டு ஒவ்வொரு துப்பாக்கியும் அங்கே சுடப்படும். குழல் வெடிக்காமலும் வீங்காமலும் தாங்கினால் முத்திரை அடிக்கப்படும். முத்திரை இல்லாத துப்பாக்கியை விற்பது அங்கே சட்டப்படி குற்றம்.

லண்டன் முத்திரைகளில் மணிமுடிக்குக் கீழே ஜி, பி என்ற இரண்டு ரோமன் எழுத்துகள் பின்னிக் கிடக்கும். பர்மிங்காமின் பழைய முத்திரையில் மணிமுடிக்குக் கீழே இரண்டு செங்கோல்கள் குறுக்காக இருக்கும். இம்முறை 1813 முதல் 1904 வரை வழக்கில் இருந்தது. 1904-க்குப் பின் பர்மிங்காம் மணிமுடிக்குக் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகளை அடித்தது. இவற்றுள் என்.பி. என்பது புகையில்லா வெடிமருந்தால் சோதிக்கப்பட்டதைக் காட்டுவது. லண்டனின் அதே காலத்து என்.பி. முத்திரைக்கு மேலே வாளேந்திய கவசக் கை ஒன்று இருக்கும். 1954-ஆம் ஆண்டு விதிகளின்படி சோதிக்கப்பட்ட துப்பாக்கிகளில் தோட்டா அறையின் நீளமும் தாங்கும் அழுத்தமும் சேர்த்துப் பொறிக்கப்பட்டன. ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை டன் என்ற கணக்கில் அந்த அழுத்தம் எழுதப்பட்டது.

சில முத்திரைகள் மிகக் குறுகிய காலத்தைக் காட்டுகின்றன. முனையில் சற்றே குறுகும் குழல் அமைப்புக்கு சோக் என்று பெயர். குண்டுகள் அதிகம் சிதறாமல் தொலைவு செல்ல இது உதவும். சோக் அமைப்பு 1870-களில் பரவியபோது, அத்தகைய குழலில் பெரிய தனிக்குண்டை இட்டுச் சுட்டால் குழல் கெடும் என்பதால் 'நாட் ஃபார் பால்' என்ற எச்சரிக்கை பொறிக்கப்பட்டது. 1875 முதல் 1887 வரை மட்டுமே இச்சொற்கள் அடிக்கப்பட்டன. பின்னர் 'சோக்' என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்தது. இந்த ஒரு வரியைக் கொண்டே துப்பாக்கியின் காலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடலாம்.

போர் என்னும் அளவு

துப்பாக்கி உரிமங்களில் காணப்படும் '12 போர்' என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் பழைய அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ அதுவே 12 போர் குழலின் உள்விட்டம். இது 0.729 அங்குலம், அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 16 போர், 20 போர் ஆகியவை 12 போரைவிடச் சிறியவை.

பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் தோட்டா அறை 12 என்றும் குழல் 13 என்றும் இரண்டு எண்கள் இருப்பது பலரைக் குழப்புகிறது. 12 போர் தோட்டா இடும் துப்பாக்கியின் குழலைச் சற்று இறுக்கமாகத் துளைப்பது அக்காலத்தில் இயல்பு. 13 என்பது 0.710 அங்குல உள்விட்டத்தைக் குறிக்கும். இந்த எண் பின்னாளில் முதன்மையான தடயம் ஆகிறது. துருவை நீக்குவதற்காகக் குழலின் உட்புறத்தைப் பலமுறை தேய்த்திருந்தால் இன்றைய உள்விட்டம் முத்திரையில் உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும். வரம்பைத் தாண்டிப் பெரிதாகிவிட்டால் பழைய முத்திரை செல்லாது. மறுசோதனை செய்யாமல் அத்துப்பாக்கியை இங்கிலாந்தில் விற்கவும் முடியாது.

பெயர், முகவரி, எண்

இரு குழல்களுக்கும் நடுவில் ஓடும் பட்டையிலும், பூட்டுத் தகடுகளிலும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். வாரிசுகள் முதலில் பார்ப்பது இந்தப் பெயரைத்தான். அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. பர்மிங்காமில் பெயரற்ற கைவினைஞர்கள் செய்த துப்பாக்கிகளை இங்கிலாந்தின் சிறு நகரக் கடைகள் வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. வெப்லி அண்ட் ஸ்காட் போன்ற பெரிய ஆலைகளும் பிற கடைகளுக்காகத் துப்பாக்கிகள் செய்து கொடுத்தன. எனவே பட்டையில் உள்ள பெயர் பல நேரங்களில் விற்றவரின் பெயர். செய்தவரின் பெயர் அன்று.

பெயருடன் வரும் முகவரி காலத்தைக் காட்ட உதவும். ஹாரிஸ் ஹாலண்ட் 1835-இல் தொடங்கிய நிறுவனம் 1876-இல்தான் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ஆனது. ஆகவே ஹாலண்ட் என்ற பெயர் ஒருமுறை மட்டும் பொறிக்கப்பட்ட துப்பாக்கி அதற்கு முந்தையது. பர்டி நிறுவனம் நீண்ட காலம் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருந்து, 1880-களின் தொடக்கத்தில் சவுத் ஆட்லி தெருவுக்கு மாறியது. பட்டையில் எந்தத் தெரு இருக்கிறது என்பதே ஒரு தேதி.

எல்லாவற்றையும்விட வலுவான சான்று வரிசை எண். பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் தாம் செய்த துப்பாக்கிகளின் பேரேடுகளைக் காத்து வைத்துள்ளன. எண்ணைக் கொடுத்தால், அது எந்த ஆண்டு முடிக்கப்பட்டது, குழல் எத்தனை அங்குலம், யாருக்காகச் செய்யப்பட்டது போன்ற விவரங்களைக் கட்டணத்துக்கு எழுதித் தருகின்றன. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பெருமளவில் பொருள் விற்ற ஆர்மி அண்ட் நேவி அங்காடியின் பழைய ஆவணங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளன. பேரேட்டில் உள்ள குழல் நீளமும் கையிலுள்ள துப்பாக்கியின் குழல் நீளமும் ஒத்துப்போகாவிட்டால் குழல் வெட்டப்பட்டிருக்கிறது அல்லது மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

போலிப் பெயர்கள்

புகழ்பெற்ற பெயர்களுக்கு ஒலிப்பில் நெருங்கிய பெயர்களைப் பொறித்து விற்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய வணிகமாக இருந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் இதன் மையம். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற பெயரின் புகழைப் பயன்படுத்தி 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்ற பெயரில் எண்ணற்ற மலிவுத் துப்பாக்கிகள் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போயின. லண்டனின் புகழ்பெற்ற ஜோசப் மேன்டன் 1835-இல் இறந்துவிட்டார். அவர் காலத்தில் இல்லாத பின்வாய்த் துப்பாக்கிகளிலும் மேன்டன் பெயர் பொறிக்கப்பட்டது.

இங்கும் உண்மையைச் சொல்வது முத்திரைதான். லியேஜ் சோதனைக்கூடம் 1672-இல் தோன்றியது. நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற ரோமன் எழுத்துகள் அதன் முத்திரை. 1893 முதல் அதன்மேல் ஒரு மணிமுடியும் சேர்ந்தது. பட்டையில் எந்த ஆங்கிலப் பெயர் இருந்தாலும், குழலின் அடியில் இந்த நீள்வட்டம் மட்டும் இருந்தால் அது பெல்ஜியத் துப்பாக்கி. இதனால் லியேஜின் துப்பாக்கிகள் யாவும் தரங்குறைந்தவை என்று ஆகிவிடாது. தம் சொந்தப் பெயரில் மிக உயர்ந்த துப்பாக்கிகள் செய்த கைவினைஞர்களும் அந்நகரில் இருந்தனர்.

டமாஸ்கஸ் குழலும் பாதுகாப்பும்

பல பழைய துப்பாக்கிகளின் குழலில் சுருள் சுருளான அழகிய கோலம் தெரியும். இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் முறுக்கி, ஓர் அச்சைச் சுற்றி வளைத்து, உலையில் அடித்து ஒட்டவைத்த குழல்கள் இவை. டமாஸ்கஸ் குழல் என்பது இவற்றின் பெயர். எஃகுக் குழல்கள் பரவும் வரை உயர்ந்த துப்பாக்கிகளும் இவ்வாறே செய்யப்பட்டன.

இக்குழல்கள் கருமருந்துக் காலத்தைச் சேர்ந்தவை. 1880-களுக்குப் பின் புகையில்லா வெடிமருந்து பரவியது. அது குழலுக்குள் உண்டாக்கும் அழுத்தம் வேறு வகையானது. கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் இன்றைய தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் கிழிந்து, முன்பிடியைப் பற்றியிருக்கும் கை சிதையக்கூடும். டமாஸ்கஸ் குழல்களிலும் புகையில்லா மருந்துக்குச் சோதித்து முத்திரை பெற்றவை உண்டு. எனவே கோலத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட முத்திரையைப் பார்த்து முடிவு செய்வதே முறை.

தோட்டா அறையின் நீளமும் இதே அளவு முக்கியம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளின் அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டாக்கள் பல இரண்டே முக்கால் அங்குல அறைக்கானவை. வெடிக்காத நிலையில் தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் நீளமான தோட்டாவும் சிறிய அறைக்குள் எளிதாக நுழைந்துவிடும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று கொள்ள முடியாது.

மதிப்பை உயர்த்துபவையும் குறைப்பவையும்

ஏலக்கூடங்களும் வல்லுநர்களும் ஒரு துப்பாக்கியை மதிப்பிடும்போது சில அளவுகோல்களை வரிசையாகப் பார்க்கின்றனர்.

செய்தவர்: லண்டனின் முதல்தர நிறுவனங்களின் துப்பாக்கிகளுக்கே மிக உயர்ந்த விலை. அடுத்து பர்மிங்காமின் பெயர்பெற்ற நிறுவனங்கள்.

தரம்: ஒரே நிறுவனம் பல தரங்களில் துப்பாக்கி செய்தது. சைட்லாக் வகை பொதுவாக பாக்ஸ்லாக் வகையைவிட விலை கூடியது. சுட்ட தோட்டாவைத் தானே வெளியே தள்ளும் எஜெக்டர் அமைப்பு இருந்தால் மதிப்பு உயரும்.

குழல்: உட்புறத்தில் துருக்குழிகள் உண்டா, வெளியே நசுங்கல் உண்டா, சுவரின் தடிமன் போதுமா என்று கருவி வைத்து அளப்பர். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்குக்கும் மெல்லிய சுவரை வாங்குபவர்கள் ஐயத்துடன் பார்ப்பர். பழைய குழலின் பின்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு புதுக்குழல் பொருத்திய துப்பாக்கி சுடுவதற்கு நன்றாக இருக்கலாம். சேகரிப்பாளர் அதற்குக் குறைந்த விலையே தருவார்.

மூலநிலை: வாரிசுகள் அறியாமல் செய்யும் பெரிய இழப்பு இங்கே நேர்கிறது. விற்கும் முன் பளபளப்பாக்க வேண்டும் என்று மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்ப்பதும், உலோகத்தை மெருகிடுவதும், குழலுக்குப் புதுச்சாயம் ஏற்றுவதும் துப்பாக்கியின் வரலாற்றை அழித்துவிடுகின்றன. பூட்டுத் தகடுகளில் கடினமாக்கும் உலையில் உண்டான நீலமும் பழுப்புமான வண்ணப் படர்வு மிக மெல்லியது. ஒருமுறை தேய்த்தால் அது திரும்ப வராது. செதுக்கு வேலையின் கூர்மையும் மழுங்கிவிடும். மென்துணியால் எண்ணெய் தடவித் துடைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் வல்லுநரிடம் காட்டுவதே நல்லது.

உடன் வந்தவை: தோல் மூடிய ஓக் மரப்பெட்டி, துடைப்புக் கோல்கள், கடையின் பெயர்ச்சீட்டு, பழைய ரசீது, பழைய உரிமத் தாள் ஆகியவை துப்பாக்கி எங்கிருந்து யார் கைவழியே வந்தது என்பதைக் காட்டுவதால் விலையை உயர்த்தும். குப்பை என்று முதலில் எறியப்படுபவையும் இவைதான்.

பிரிந்த இணைகள்

இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் பறவை வேட்டையில் இரண்டு துப்பாக்கிகளை மாற்றி மாற்றிச் சுட்டனர். ஒன்றைச் சுடும்போது உதவியாளர் மற்றொன்றில் தோட்டா நிரப்புவார். இதற்காக ஒரே எடையில், ஒரே பிடியில் செய்யப்பட்ட இணைத் துப்பாக்கிகள் மிகுதி. பட்டையிலும் திறக்கும் நெம்புகோலிலும் 1, 2 என்ற எண்கள் தங்கத்தில் பதிக்கப்பட்டிருக்கும். இரு துப்பாக்கிகளும் பெரும்பாலும் அடுத்தடுத்த வரிசை எண்கள் பெற்றிருக்கும்.

பாகப்பிரிவினையில் இந்த இணைகள் அடிக்கடி உடைந்தன. இரு மகன்களுக்கு ஆளுக்கொன்று என்று பிரித்தது நீதியாகத் தோன்றினாலும், சேர்ந்திருக்கும் இணையின் விலை, தனித்தனியே விற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் கூடுதல். ஆகவே தனித் துப்பாக்கியில் 1 அல்லது 2 என்ற எண்ணைக் கண்டால் அதன் துணை எங்கோ இருக்கிறது என்று பொருள். செய்தவரின் பேரேட்டைக் கொண்டு துணையின் எண்ணை அறிந்து, பல ஆண்டுகள் தேடி இணையைச் சேர்த்த சேகரிப்பாளர்களும் உண்டு.

இந்தியாவுக்கு வந்த துப்பாக்கிகள்

பிரிட்டிஷ் இந்தியா இத்துப்பாக்கிகளின் பெரிய சந்தைகளுள் ஒன்று. கல்கத்தாவில் மேன்டன் அண்ட் கம்பெனி, ஆர்.பி. ரோட்டா அண்ட் கம்பெனி ஆகியவை பெயர்பெற்ற ஆயுத வணிகர்கள். சென்னையில் கடிகாரத்துக்கும் நகைக்கும் புகழ்பெற்ற பி. ஓர் அண்ட் சன்ஸ் நிறுவனமும் வேட்டைத் துப்பாக்கிகளை விற்றது. அதன் பெயருடன் சென்னை, ரங்கூன் என்று பொறிக்கப்பட்ட துப்பாக்கிகள் உள்ளன. இவை இங்கிலாந்தில் செய்யப்பட்டு இங்கே கடையின் பெயரில் விற்பனையானவை. சென்னைப் பெயர் பொறித்த துப்பாக்கியின் குழலடியில் பர்மிங்காம் முத்திரை இருப்பதன் காரணம் இதுவே.

வாங்கியவர்கள் அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், ஜமீன்தார்கள், மன்னர் குடும்பத்தினர். லிட்டன் பிரபு ஆட்சியில் வந்த 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் பெற்றே ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. இதனால் துப்பாக்கி உரிமம் என்பதே ஒரு இந்தியக் குடும்பத்தின் செல்வாக்குக்கு அடையாளம் ஆயிற்று. நீலகிரியில் வேட்டையை ஒழுங்குபடுத்த 1877-இல் ஒரு சங்கமும் 1879-இல் தனிச் சட்டமும் தோன்றும் அளவுக்கு அங்கே வேட்டை மிகுந்திருந்தது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேட்டைக்கு முடிவு கட்டியது. துப்பாக்கிகள் சுவரிலும் பெட்டியிலும் தங்கிவிட்டன.

வாரிசும் உரிமமும்

வீடு, நிலம், நகை ஆகியவை இறந்தவரிடமிருந்து வாரிசுக்குச் செல்வதுபோலத் துப்பாக்கி செல்வதில்லை. பொருள் வாரிசுக்கு உரியது. உரிமம் இறந்தவரோடு முடிகிறது. இன்று நடைமுறையில் உள்ள 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அப்பாவின் துப்பாக்கி என்பது விலக்கு ஆகாது.

அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சட்டப்படி வைத்திருக்க முடியாத நிலை வந்ததும் துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைத்த பிறகும் உரிமை வாரிசுடையதே. அவர் தம் பெயரில் உரிமம் பெற்று மீட்கலாம், அல்லது தகுதியுள்ள வேறொருவருக்கு விற்கலாம். விதித்த காலத்துக்குள் இரண்டும் நடக்காவிட்டால் மாவட்ட நிர்வாகம் அதை அரசுடைமை ஆக்கலாம். ஒப்படைத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணிக் குடும்பங்கள் பல துப்பாக்கிகளை இழப்பது இப்படித்தான். ஒப்படைக்கும்போது பெயர், வரிசை எண், முத்திரைகள், நிலை ஆகியவற்றைக் குறித்த ரசீதும் படங்களும் வாங்கி வைப்பது பின்னால் வரும் தகராறுகளைத் தவிர்க்கும்.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமதாரர் உயிருடன் இருக்கும்போதே மாற்றத்துக்கு வழி செய்கின்றன. அவர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தகுதியுள்ள சட்டபூர்வ வாரிசுக்கு உரிமம் மாற்றக் கோரலாம். துப்பாக்கியின் வரலாறு அறிந்தவரே அதைக் கைமாற்ற இது வாய்ப்பளிக்கிறது. 2019-இல் நடந்த சட்டத்திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் வாரிசு, மூன்றாவதாக வரும் தாத்தாவின் துப்பாக்கிக்காக ஒன்றைக் கைவிட நேரும்.

பழம்பொருள் மதிப்பு மட்டுமே கொண்ட, பழுது பார்த்தாலும் சுட இயலாத ஆயுதங்களுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் 12 போர் தோட்டா ஏற்கும், இயங்கும் துப்பாக்கி நூறாண்டு பழமையானாலும் இவ்விலக்கில் அடங்காது. இங்கிலாந்திலும் நடுவில் அடிக்கும் 12 போர் துப்பாக்கிக்கு வயது எதுவாயினும் சான்றிதழ் தேவை. அமெரிக்க மத்தியச் சட்டம் 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கருதுகிறது. ஒரே துப்பாக்கி ஒரு நாட்டில் அலங்காரப் பொருள். மற்றொரு நாட்டில் உரிமம் வேண்டும் ஆயுதம்.

விற்பனை

இங்கிலாந்தில் இத்துப்பாக்கிகள் ஹோல்ட்ஸ், பான்ஹாம்ஸ் போன்ற ஏலக்கூடங்கள் வழியாகவும் துப்பாக்கி வணிகர்கள் வழியாகவும் விற்கப்படுகின்றன. ஏலப் பட்டியலில் குழல் நீளம், சுவரின் தடிமன், தோட்டா அறை, முத்திரை, எடை, பழுது ஆகியவை எண்களில் அச்சிடப்படுகின்றன. முன்பு விற்ற இதே போன்ற துப்பாக்கிகளின் விலையை யாரும் ஒப்பிடலாம். விற்பவர் கேட்கும் விலைக்கும் உண்மையில் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டை ஏல முடிவுகளே காட்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. வாங்குபவரிடம் உரிமம் இருக்க வேண்டும். அவரது உரிமத்தில் அந்த வகைத் துப்பாக்கிக்கு இடம் இருக்க வேண்டும். சட்டப்படி தம் சொந்தப் பயனுக்கு வைத்திருக்கும் துப்பாக்கியை ஒருவர் தகுதியுள்ள மற்றொருவருக்கு விற்கலாம். ஆனால் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். 1980-களின் நடுவில் தனியார் ஆயுத இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் விலை ஏறியது. வேட்டை நின்றுபோனதால் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு அந்த அளவு தேவை எழவில்லை. வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாம் என்றால் ஏற்றுமதிக்குத் தனி உரிமம் தேவை. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள பொருட்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் தடுக்கிறது. ஆகவே லண்டன் ஏலப் பட்டியலில் உள்ள விலையை மதுரையிலோ மைசூரிலோ உள்ள துப்பாக்கிக்கு அப்படியே பொருத்த முடியாது.

சட்டம் சார்ந்த இன்னொரு காரணமும் இத்துப்பாக்கிகளின் நிலையைப் பாதிக்கிறது. தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க அதிகாரிகள் உத்தரவிடுவது வழக்கம். உரிமப் பிரச்சினையில் சிக்கியவை ஆண்டுக்கணக்கில் வணிகரின் கிடங்கில் கிடக்கின்றன. எண்ணெய் காணாத குழலுக்கு ஈரக்காற்று போதும். உள்ளே துருக்குழி விழுந்தபின் தேய்த்தால் சுவர் மெலிகிறது. தேய்க்காவிட்டால் குழி ஆழமாகிறது.

லண்டனில் பேரேடு இருக்கிறது. குழலின் அடியில் முத்திரை இருக்கிறது. இவை இரண்டும் வாரிசு தேடும் வரை காத்திருக்கும். மூன்றாவது பதிவாகிய உரிமத்துக்கு மட்டும் முடிவு தேதி உண்டு. பெரும்பாலான துப்பாக்கிகள் அந்தத் தேதியைத் தவறவிட்டதால்தான் பெயர் அறியப்படாமல், மதிப்பிடப்படாமல் அரசுக் கிடங்குகளைச் சேர்கின்றன.